மூளைக்கு ஒரு ஸ்தோத்திரம்

வாடே பேரப்புள்ள, உக்காரு. கவுன்சிலிங் டிப்ளமோ முடிச்சிட்டியாம்லா. போன ஞாயித்துக்கெழம வாலிபர் கூட்டத்துல ஸ்கிரீன் கட்டி மூளைப் படம் காட்டுனியாம். ஜெபம் பண்ணுதவன் மண்ட, அசனப் பண்டிகைக்கு சீரியல் பல்பு போட்ட கோயில் மாதிரி மின்னிச்சாம். உங்க ஆச்சி கண்ணத் தொடச்சிக்கிட்டே வந்து, "கர்த்தர் இருக்காருன்னு இப்பம் நிரூபணம் ஆயிட்டு"ங்கா. இத்தன வருசமா என்ன நெனச்சி முழங்கால் போட்டாளோ, பாவம்.

அந்தப் படம் 2006ல பென்சில்வேனியாவுல ஆண்ட்ரூ நியூபெர்க் வெளியிட்டதுதான? ஜெபத்துல அந்நிய பாஷை பேசுத 5 பொம்பளையாளுவ. பாட்டுப் பாடும்போது இருந்தத விட, அந்நிய பாஷை பேசும்போது நெத்திப் பக்கத்து மூளையில ரத்த ஓட்டம் கொறஞ்சிருந்துச்சாம். கொறையட்டும். மண்டைக்குள்ள என்ன நடக்குன்னு மிஷின் சொல்லும்; யாருகிட்ட பேசுதாவன்னு அது சொல்லாது. அதே வருசம் மான்ட்ரியல்ல கார்மேல் சபை கன்னியாஸ்திரிகள் 15 பேரப் பாத்துட்டு, மூளையில கடவுளுக்குன்னு தனி ரூம் கெடையாது, பல எடமும் சேந்துதான் வேல செய்யிதுன்னுட்டாவ. அத ஏண்டே ஸ்கிரீன்ல போடல?

எங்க காலத்துல பொண்டாட்டிய அடிச்சவன் ஐயர்கிட்ட வந்து, "சாத்தான் தூண்டிட்டான் ஐயரே"ம்பான். இப்பம் உன்கிட்ட வந்து, "மூளையில அமிக்டலா தூண்டிட்டு பிரதர்"ங்கான். அடி வாங்குனவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அவள ஒரு நாளாவது தனியா உக்கார வச்சிக் கேட்டியா?

அப்புறம் நீ அடிச்ச அந்த நோட்டீஸு. 40 நாள் உபவாச ஜெபத்துல மூளை புதுசாயிருமாம். லண்டன்ல பிலிப்பா லாலி 96 பேர வச்சிப் பாத்ததுல, ஒரு பழக்கம் ஒட்டுததுக்கு நடுவாப்புல 66 நாள் ஆயிருக்கு. ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 254ன்னு கணக்கு வந்துச்சு. மனசு புதுசாகணும்னு ரோமர் 12ல எழுதுன பவுலே நாள்கணக்குப் போடல. நீ ஏன் போடுத? மண்டபத்துக்கு வாடக 40 நாளைக்குத்தான் கட்டியிருக்கியோ?

உன்னைய மட்டும் சொல்லல. நம்ம சபையாரு உனக்கு மேல. சுகருக்கு மாத்திர போட்டா டாக்டர் சொன்னாரு. மனசுக்கு மாத்திர போட்டா விசுவாசக் கொறச்சல். ஒருத்தரு கன்வென்ஷன் மேடையில சாட்சி சொல்லிட்டு லித்தியம் மாத்திரையத் தூக்கி வீசிட்டாரு. கொஞ்ச நாள்ல தூக்கம் போச்சு. ஒரு நடுராத்திரி கோயில் மணியப் போட்டு அடிக்காரு, "கர்த்தரோட வருகை வந்துட்டு"ன்னு. ஊரே வேட்டியத் தேடிச்சி. ஆயத்தமா இருக்கோம்னு பாடுத கூட்டம்லா அது! லித்தியம்னா என்ன, அதுவும் ஒரு உப்புதான். 1949ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட் கண்டு சொன்ன மருந்து. ரத்தம் பாத்து அளந்து குடுக்கணும். மலைப்பிரசங்கத்து உப்புக்குத் தலைய ஆட்டுதோம், இந்த உப்பு மட்டும் கசக்குது. கடைசியில பொஞ்சாதிதான் அவர வேலூருக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க பாகாயத்துல 1957லேருந்து சி.எம்.சி.க்கு மனநல ஆஸ்பத்திரி உண்டு. நோயாளி கூட வீட்டாளும் தங்கி வைத்தியத்துல சேரணும். மிஷன் ஆஸ்பத்திரிதான். அங்க ஜெபமும் உண்டு, ரத்தப் பரிசோதனையும் உண்டு.

சரி, 1 இராஜாக்கள் 19ஐ எடு. கர்மேல்ல அக்கினிய எறக்குன எலியா, யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடிக்கடியில உக்காந்து, போதும் என் உசுர எடுத்துக்கோன்னுட்டுப் படுத்துட்டான். தூதன் வந்து வசனம் சொன்னானா? ஸ்லைடு போட்டானா? தணல்ல சுட்ட அடையும் தண்ணியும் வச்சான். எலியா தின்னுட்டுத் திரும்பவும் படுத்துட்டான். ரெண்டாந்தரம் தட்டி எழுப்புனதும் சாப்பாட்டுக்குத்தான். தூக்கம் கெட்டா அமிக்டலா துள்ளும், நெத்தி மூளை புடிய விட்டுரும்னு உன் புஸ்தகம் சொல்லுதுல்லா, அதுக்குள்ள வைத்தியத்த அந்தத் தூதன் ஸ்கேன் எடுக்காமலே செஞ்சிருக்கான். ஓரேப் மலைக்கு நடந்து போய்ச் சேந்த பெறவுதான் கர்த்தர் விசாரிக்காரு. அதுலயும் பாரு, ஒரே கேள்விய ரெண்டு தரம் கேக்காரு. அவனும் அச்சு மாறாம அதே பொலம்பல ரெண்டு தரம் பொலம்புதான். முழுசும் கேட்டாரு. நீயா இருந்தா மொதப் பொலம்பல் முடியுமுன்ன எல்லாம் நன்மைக்குத்தான்னு ரோமர் 8:28அ எடுத்து நீட்டியிருப்ப.

நாளைக்குக் கீழத்தெருப் பையன் உன்கிட்ட கவுன்சிலிங்குக்கு வாரான்னு கேள்விப்பட்டேன். லேப்டாப்ப மூடி வையி. சாப்பிட்டானா, ராத்திரி தூங்குதானான்னு மொதல்ல கேளு. சாவணும்னு தோணுதான்னு வாயத் தொறந்து கேளு, கூச்சப்படாத. ஆமான்னான்னா தனியா விடாத, அன்னைக்கே ஐகிரவுண்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ஜெபத்தப் போற வழியிலேயே பண்ணிக்கிடலாம். ஆட்டோ சத்தத்துலயும் ஆண்டவருக்குக் காது கேக்கும்.