எட்டு போடும் கூட்டம்

லைசென்ஸ் இல்லாமலேயே பத்து வருஷம் மார்க்கெட் சந்துகளில் தண்ணி லாரிக்கும் மாட்டுக்கும் நடுவே பைக்கை நுழைத்து ஓட்டியவர்கூட, ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எட்டு போடச் சொன்னால் வியர்த்துப் போவார்.

வரிசையில் நிற்கும் எல்லார் கையிலும் எல்.எல்.ஆர். இருக்கும். அதை வாங்கி 30 நாள் ஆகியிருக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஓரமாக நின்று, "கால் ஊனாதீங்க, டயரைப் பாக்காதீங்க" என்று ஓதிக்கொண்டே இருப்பார்.

மாஸ்டர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. வேகமாக ஓடும் பைக் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். நடக்கிற வேகத்துக்கு இறங்கினால்தான் அதன் சுயரூபம் தெரியும். எட்டின் முதல் வட்டத்தில் பெரும்பாலோர் தப்பித்துவிடுவார்கள். வலமாகச் சுற்றிய வண்டி இடமாகத் திரும்பும் அந்த நடு இடத்தில்தான் கால் தரையைத் தேடும். ஆக்ஸிலேட்டரைச் சீராகப் பிடித்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி, போகவேண்டிய பக்கம் கழுத்தைத் திருப்பினால் வண்டியும் பின்னாலேயே வரும். முன் டயரைக் குனிந்து பார்த்தால் வண்டியும் சேர்ந்து சாயும்.

சிலர் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள்: பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை இரவல் வாங்கி வருவது. எட்டு அழகாக விழும். ஆனால் எந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் வேண்டுமோ அந்த வகை வண்டியில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஸ்கூட்டரில் தேறியவருக்குக் கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ். வீட்டு வாசலில் நிற்கும் புல்லட்டைத் துடைத்து வைத்துக்கொள்ளலாம்.

கார் கதை வேறு. பழைய ஆட்கள் இன்னும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் பெரிய பட்டியலே இருக்கிறது: கண்ணாடியைச் சரிசெய்வது, ரிவர்ஸில் குறுகலான இடத்துக்குள் நுழைவது, அவசரமாக நிறுத்துவது. எல்லாவற்றிலும் கொடுமை, ஏற்றத்தில் நின்ற காரைப் பின்னால் உருளவிடாமல் கிளப்புவது. ஹேண்ட் பிரேக்கை எடுக்கும் நொடியும் கிளட்ச் பிடிக்கும் நொடியும் ஒன்றாக அமைய வேண்டும். அமையாவிட்டால் கார் ஆஃப் ஆகும். இல்லையென்றால் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார்.

கை சிக்னலும் உண்டு. இடப்பக்கம் திரும்புவதற்கு வலக்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிச் சுழற்ற வேண்டும். நம் ரோட்டில் இன்று அதைச் செய்தால், நாம் யாரையோ கூப்பிடுகிறோம் என்றுதான் பின்னால் வருபவர் நினைப்பார்.

தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை கோட்டைவிட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை வீட்டில் கேட்பவர்களிடம் 'சர்வர் டவுன்' என்று சொல்லிவிடலாம். அரசாங்க ஆபீஸ் விஷயத்தில் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை.