லிங்கத்துக்கு ஒரு கோர்ஸ்

2022 ஜூனில் முதல்வர் கொடியசைக்க, கோர்டீலியா சொகுசுக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அன்றே நமக்கு நாகரிகம் வந்துவிட்டது. உலகக் கப்பல்களில், டிக்கெட்டோடு வரும் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர் பாமரர். விவரம் தெரிந்தவர் தனிக் கட்டணம் கட்டி, ஏழு தட்டில் ஏழு வாய் உண்டு, வாய்க்கொரு ஒயின் பருகுவார். வயிறு நிறைந்தால் சமையல்காரருக்கு அவமானம்.

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை இன்னும் பின்தங்கிக் கிடக்கிறது. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாக்குமட்டைத் தட்டு வழியச் சாம்பார் சாதம் அள்ளி வைக்கிறார்கள். முன்பதிவு கிடையாது. "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கங்க சாமி" என்று கெஞ்சல் வேறு. தரமான இடத்தில் யாராவது கெஞ்சுவார்களா?

திருத்திவிடலாம். பாதை நெடுக அஷ்ட லிங்கங்கள் தயார். ஆக, எட்டு கோர்ஸ். இந்திர லிங்கத்தில் கற்கண்டு அளவு வெண்பொங்கல். அக்னி லிங்கத்தில் மிளகாய் பஜ்ஜியின் காம்பு மட்டும். வருண லிங்கத்தில் நீர்மோர். தம்ளரைச் சுழற்றி, முகர்ந்து, "பெருங்காயம் கொஞ்சம் தாமதமாக வருகிறது" என்று சொன்ன பிறகே பருகலாம். அடி அண்ணாமலையார் கோயில் வாசலில் சுக்குக் காபி ஆயா, எவர்சில்வர் கேனைச் சாய்த்தபடி, அது எந்த வருடத்துச் சுக்கு என்று விளக்குவார். பில் மட்டும் முன்னதாகவே, எம லிங்கத்தில்.

இலவசக் கூட்டத்தோடு நம் விருந்தினர் எப்படி நிற்பார் என்ற கவலை இருந்தது. திருவண்ணாமலைப் பெரிய கோயிலில் சிறப்பு தரிசன வரிசையைப் பார்த்ததும் தெளிந்தது. சாமிக்கே கட்டண வரிசை பழகிய ஊரில் சாம்பார் சாதம் எம்மாத்திரம்!