மூன்றாம் படியில் வந்தியத்தேவன்

புரட்டாசி அமாவாசையன்று எங்கள் அம்மாவுக்கு இலக்கிய ரசனை மொத்தமாகப் போய்விடும். மற்ற நாட்களில் தி. ஜானகிராமன் பெரியவரா, இந்திரா பார்த்தசாரதி பெரியவரா என்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே அப்பாவோடு மல்லுக்கட்டுகிறவள், அன்றைக்கு மட்டும் இருவரையும் விரற்கடையால் அளப்பாள்.

"இது நாலு விரக்கடை. இதே உசரத்துல இன்னும் மூணு வேணும். கொண்டாடா."

எழுத்தாளர் யார், கதை என்ன, யாராவது பாதியில் விட்டிருக்கிறார்களா என்ற விசாரணையெல்லாம் கிடையாது. கெட்டி அட்டைக்கு முன்னுரிமை. மூலை மடங்கியவை பின்வரிசை. கவிதைத் தொகுப்புகள் ஒல்லியாக இருப்பதால் எங்கே ஆட்டம் காண்கிறதோ அங்கே முட்டுக் கொடுக்க. அரை மணியில் எங்கள் வீட்டு நூலகம் ஐந்து கொலுப் படிகளாக மாறி, மேலே அப்பாவின் எட்டு முழ வேட்டி விரிந்துவிடும். அதன்மேல் தசாவதாரம் ஏறி உட்கார்ந்துவிட்டால் பத்து நாளைக்கு ஒரு பக்கம் புரட்ட முடியாது.

காரணம் இடம்தான். அப்பாவுக்கு மத்திய அரசில் வேலை, சரோஜினி நகரில் ஒன்றரை அறைக் குவார்ட்டர்ஸ். மரப்படி வாங்கினால் பத்து நாள் அதில் பொம்மை நிற்கும், மீதி முந்நூற்றைம்பத்தைந்து நாளும் நாங்கள்தான் அதன்மேல் நிற்க வேண்டும். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு சூட்கேஸ், மற்றதெல்லாம் புத்தகம் என்று ஏற்பாடாகிவிட்டது. அந்தக் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. டெல்லியில் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட 2016-ல் மத்திய அமைச்சரவை அனுமதி தந்ததே, அதில் எங்களுடையதும் ஒன்று. பாட்டி இருந்திருந்தால் கட்டடம் போனதைவிடப் பெயர் போனதற்குத்தான் வருத்தப்பட்டிருப்பாள். அந்த இடத்துக்குப் பழைய பெயர் வினய் நகர். தன்னைக் கேட்காமல் மாற்றிவிட்டார்கள் என்று கடைசிவரை வினய் நகர் என்றே சொன்னாள். மாற்றி வைத்த பெயரோ ஒரு கவிஞருடையது. பன்னிரண்டு வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்து மெட்ரிகுலேஷன் தேறியவர், 1905-ல் முதல் தொகுப்பு வெளியிட்டவர் சரோஜினி நாயுடு. அவர் பெயரைச் சொல்லி இன்றைக்கு ஆட்டோவில் ஏறுகிற யாரும் கவிதைக்காக ஏறுவதில்லை. அங்கே சந்தையில் வியாபாரிகள் துணிக் குவியலின் மேல் ஏறி நின்று, நூறு ரூபாய்க்கு இரண்டு என்று "சௌ கா தோ, சௌ கா தோ" கூவுகிறார்கள். ஓசைநயம் இருக்கத்தான் செய்கிறது.

கொலு நடக்கிற பருவத்தை அண்ணாவின் பாடப் புத்தகம் இலையுதிர்காலம் என்றது. எங்கள் வாசல் வேப்பமரம் அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. டெல்லி வேம்பு இலையை உதிர்ப்பது மார்ச்சில். தமிழில் இதற்குக் கூதிர் என்று அருமையான பெயர் இருக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். ஆனால் அதைச் சொன்னால் டெல்லியில் தமிழருக்கே விளங்காது. எங்கள் கணக்கில் அது ரஜாயைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போடுகிற காலம். விசிறியை நிறுத்தினால் புழுங்கும், போட்டால் தும்மல் வரும். கதகதப்பாக ஏதாவது புத்தகத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று உடம்பே கேட்கும். அந்த நேரம் பார்த்துத்தான் புத்தகமெல்லாம் வேட்டிக்கடியில் போய்விடும்.

1987 நவராத்திரியைத்தான் சொல்ல வந்தேன். அப்போது யார் யார் எதில் பாதியில் இருந்தோம் என்பது இன்னும் நினைவிருக்கிறது.

அப்பா கையில் ஆதவனின் 'என் பெயர் ராமசேஷன்'. அந்த ஜூலையில்தான் ஆதவன் சிருங்கேரியில் ஆற்றில் மூழ்கி இறந்திருந்தார். நாற்பத்தைந்து வயது. இதே டெல்லியில் அலுவலகத்துக்குப் போய்வந்து கொண்டு எழுதியவர். செய்தி தெரிந்த நாளிலிருந்து அப்பா அவருடைய புத்தகங்களை ஒவ்வொன்றாக மறுபடி எடுத்திருந்தார். அதைப் பற்றிப் பேசமாட்டார். படிப்பார், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், படிப்பார்.

அம்மா படித்துக்கொண்டிருந்தது 'அம்மா வந்தாள்'. மாமியார் இருக்கும் வீட்டில் அதைப் பகிரங்கமாகப் படிக்க முடியாது என்று பழுப்பு அட்டை போட்டு, மேலே தன் கையெழுத்தில் 'ஊறுகாய் வகைகள்' என்று எழுதி வைத்திருந்தாள். ஊறுகாய் போட இவ்வளவு கண்ணீர் எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டு, முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

பாட்டிக்கு என்றைக்கும் 'பொன்னியின் செல்வன்'தான். 1950-லிருந்து கல்கியில் வாராவாரம் வந்ததை, மணியம் போட்ட படங்களும் தைல விளம்பரங்களுமாகக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணிய ஐந்து பாகம். பைண்டு போட்டவர் ஓரத்தைத் தாராளமாக வெட்டியதில் பல பக்கங்களில் கடைசி வரி பாதிதான் இருக்கும். மீதியைப் பாட்டி தானாகச் சொல்வாள். வருஷத்துக்கு வருஷம் அது கொஞ்சம் மாறும். ஒவ்வொரு ஆடியிலும் முதல் பாகத்தில் தொடங்கி, நவராத்திரிக்குள் நாலாம் பாகத்துக்கு வந்திருப்பாள். முப்பது தடவை படித்த பிறகும், "அந்த நந்தினி என்ன பண்ணப் போறாளோ, தெரியலையே" என்று கவலைப்படுவாள்.

அண்ணாவுக்கு தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை பொறுக்கிய அகதா கிறிஸ்டி. கடைசிப் பதினாறு பக்கம் இல்லாததால் மலிவு. கொலைகாரன் யார் என்று தெரியாமலே நாலு முறை படித்துவிட்டான். வீட்டில் எல்லார் மேலும் அவனுக்குச் சந்தேகம் இருந்தது. எனக்கு அம்புலிமாமா. அது தடிமன் போதாது என்று அம்மா ஒதுக்கினாலும், ஆடிய மூன்றாம் படிக்கு அண்டை கொடுக்க வேதாளத்தைத்தான் கொண்டுபோனாள்.

இரண்டாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். கொலுவுக்கு முன்னால் டார்ச் வெளிச்சம். அப்பா குப்புறப் படுத்தபடி, இடது கையால் செட்டியார் பொம்மையைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் படிக்குள்ளிருந்து ராமசேஷனை உருவிக்கொண்டிருந்தார். உருவின இடத்தில் ஒரு டெல்லி டெலிபோன் டைரக்டரியைச் செருகினார். எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. மனு போட்டுக் காத்திருந்தோம். ஆனால் அலுவலகத்தில் கழித்துப் போட்ட டைரக்டரி மூன்று இருந்தன. அச்சடித்த எதையும் அப்பாவால் குப்பையில் விட்டுவர முடியாது.

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். மறுநாள் எனக்கு ஒரு கோல்டுஸ்பாட் கிடைத்தது.

நாலாம் நாளிலிருந்து செட்டியார் இடப்பக்கம் சாய ஆரம்பித்தார். அவர் கடையிலிருந்த துவரம்பருப்பும் பச்சரிசியும் சரிந்து கீழ்ப்படியில் கோபியரின் காலடியில் போய்க் குவிந்தன. வெற்றிலை பாக்குக்கு வந்த மாமிகள், "செட்டியார் ஏன் இப்படிச் சாஞ்சிண்டிருக்கார்?" என்று கேட்டால், பாட்டி, "நவராத்திரி வியாபாரம், களைச்சுப் போய்ட்டார்" என்று முடித்துவிடுவாள். அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிக்கு முந்தின வருஷமே எங்கள் படி ரகசியம் தெரிந்துவிட்டது. வேட்டி விலகி உள்ளே அட்டை தெரிந்ததும், "பெஹன்ஜி, ராம்ஜிக்குக் கீழே கிதாபா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா தன் ஹிந்தியின் முழு பலத்தையும் திரட்டி, எங்கள் பக்கத்தில் ஞானத்தின் மேல்தான் பகவான் உட்காருவார் என்று விளக்கிவிட்டாள். ஆன்ட்டி உருகிப் போனார். இந்த வருஷம் தன் பையனின் பத்தாம் வகுப்பு கைடு ஆறையும் கொண்டுவந்து, இவற்றின் மேலும் பகவானை உட்கார வைத்துவிடுங்கள், கணக்கு மட்டும் கட்டாயம், என்று கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஆறு கைடும் வீட்டுக்குள் வந்த அன்று எத்தனை பேர் கண்கள் அவற்றை அளந்தன என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை. கல்விக்கென்று ஒரு தெய்வத்தை வைத்து, அவளுக்குரிய நாளில் படிக்கக்கூடாது என்று விதித்த முன்னோர் யாராக இருந்தாலும் அவர்கள் பிள்ளைகளின் கட்சி. ஊரெல்லாம் குழந்தைகள் கொண்டாடும் அந்த நாள் எங்கள் வீட்டில் ஏகாதசி மாதிரி. பூஜையில் அவரவர் புத்தகம் வைக்க வேண்டும் அல்லவா? நான் கணக்குப் புத்தகத்தை வைத்தேன். அண்ணா ஹிந்தி இலக்கணம். அப்பா சுவாமீஸ் கையேட்டை வைத்தார். மத்திய அரசு ஊழியர் வீட்டில் பஞ்சாங்கம் இல்லாமல் இருக்கலாம், சுவாமீஸ் இல்லாமல் இருக்க முடியாது. சம்பளம், பயணப்படி, லீவு எல்லாவற்றுக்கும் அதுதான் ஸ்மிருதி. அம்மா 'ஊறுகாய் வகைகளை' வைக்கவில்லை. சரஸ்வதிக்கு உள்ளே என்ன என்று தெரிந்துவிடும் என்று பயந்திருக்கலாம். வீட்டுக் கணக்கு நோட்டை வைத்தாள். யாருக்கும் படிக்கப் பிடிக்காத புத்தகங்களாகப் பார்த்து அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை செய்தோம்.

காலை பத்து மணிக்குள் எல்லாருக்கும் கை நடுக்கம் கண்டுவிட்டது. அப்பா தினசரிக் காலண்டரில் அடுத்த ஞாயிறு வரைக்கும் தாளைத் தூக்கி ராசிபலன் படித்தார். அண்ணா ஹார்லிக்ஸ் பாட்டிலை மூன்று தடவை சுற்றிப் படித்தான். நான் தீப்பெட்டி. சாயங்காலம் அண்ணா வாசலில் தள்ளுவண்டிக்காரனிடம் நூறு கிராம் வேர்க்கடலை வாங்கிவந்தான். கடலையை யாரும் தொடவில்லை. பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒரு மாணவனின் விடைத்தாள், ஹிந்தியில்: முகலாய சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சிக்குக் காரணங்கள்.

"இது புஸ்தகத்துல சேருமா?" என்றாள் அம்மா.

"இது பொட்டலம்" என்று தீர்ப்பளித்தாள் பாட்டி.

அண்ணா உரக்கப் படித்தான். மூன்றாவது காரணத்திலிருந்து ஐந்தாவது வரைதான் இருந்தது. பத்துக்கு நாலு மதிப்பெண். ஐந்தாவது காரணம் சரியில்லை, இதற்கு நாலே அதிகம் என்றார் அப்பா. ஹிந்தி எழுத்து தெரியாத பாட்டி, முதல் இரண்டு காரணம் என்ன என்று கேட்டாள். அதுதானே என்று எல்லாருக்கும் பட்டது. அப்பா சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து, "வண்டி இன்னும் போயிருக்காது. இன்னொரு நூறு கிராம் வாங்கு. அதே கட்டுலேர்ந்து சுருட்டச் சொல்லு" என்றார். அன்று ராத்திரி அரை கிலோ கடலை சேர்ந்துவிட்டது. முதல் காரணம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்ததும், பூஜையில் வைத்த புத்தகத்தில் ஒரு பக்கமாவது படித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அண்ணா வினைத்திரிபு படித்தான். அம்மா செப்டம்பர் மாதப் பால் கணக்கைப் படித்தாள், குரல் தழுதழுக்க. அப்பா 1972-ஆம் வருஷத்து விடுப்பு விதிகளைப் பிரித்து இங்கிலீஷில் வாசிக்கத் தொடங்கினார். விதி, அதற்கு விலக்கு, விலக்குக்கு விளக்கம், விளக்கத்துக்கு அடிக்குறிப்பு. பாட்டி கைகூப்பிக் கேட்டுவிட்டு, "அர்த்தம் தெரியாட்டா என்ன, காதுக்கு வேதமாட்டமா இருக்கு" என்றாள்.

மறுநாள் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அம்மா வேட்டியை உருவினாள்.

ஐந்து பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மூன்று டெலிபோன் டைரக்டரி. ஒரு ரயில்வே டைம்டேபிள். ஆன்ட்டியின் ஆறு கைடு. அம்மாவின் தையல் பெட்டி. மூன்றாம் படியின் அடியில், பழைய செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றிய இரண்டு செங்கல். ஐந்து படியிலும் சேர்த்து எங்கள் வீட்டுப் புத்தகம் என்று ஒன்றுகூட இல்லை. ராமசேஷன் அப்பாவின் ஆபீஸ் பையில் இருந்தார். ஊறுகாய் அரிசி டின்னில். நாலாம் பாகம், வந்தியத்தேவன் குதிரை சகிதம், பாட்டியின் ரஜாய்க்குள். எல்லாரும் எல்லாரையும் பார்த்தோம். கடைசியில் அண்ணாதான், பதினாறு பக்கம் இல்லாத ஒரு துப்பறிபவனின் கம்பீரத்தோடு, "செங்கல் யாரு?" என்றான்.

"பொம்மையும் மண்ணு, செங்கல்லும் மண்ணு" என்றாள் பாட்டி. "நீ அந்தப் பதினாறு பக்கத்தைத் தேடு, போ."

அந்த வாரமே தீபாவளிக்கு வீடு ஒழிக்கத் தொடங்கி, தராசோடு கபாடிவாலா வந்து உட்கார்ந்தான். பழைய செய்தித்தாள் கட்டெல்லாம் நிறுத்தாயிற்று. அவன் கண் மூலையிலிருந்த டைரக்டரிகள் மேல் விழுந்தது. நல்ல கனம். கையை நீட்டினான்.

"அதைத் தொடாதே" என்று பதறிக்கொண்டு ஓடிவந்தாள் அம்மா. "அதெல்லாம் எங்களுக்கு வேணும்."

அவன் டைரக்டரியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், ஒருதரம் அறையைச் சுற்றிலும் பார்த்தான்.

"போன் ஹை க்யா, பெஹன்ஜி?"

"நஹி" என்றாள் அம்மா.