பழைய குறிப்பு, புதிய கர்னல்

கேள்வி: எஸ்இலினக்ஸ் பற்றி எந்தக் குறிப்பைப் படித்தாலும் முதல் வரியே 'அதை அணைத்துவிடுங்கள்' என்கிறது. அணைப்பதற்கென்றே ஒரு பாதுகாப்பா?

பதில்: யூனிக்ஸ் மரபில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை அதன் சொந்தக்காரரே தீர்மானிக்கிறார், ரூட்டுக்கோ தடையே கிடையாது. அதனால் வெப் சர்வரின் ஓட்டை வழியே நுழைந்தவனுக்கு, அந்த சர்வர் யார் பெயரில் ஓடுகிறதோ அவருடைய உரிமை அத்தனையும் கிடைத்துவிடும். எஸ்இலினக்ஸ் தரும் கட்டாய அணுகல் கட்டுப்பாடு இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. வீட்டுக்காரர் தலையசைத்தாலும் வாயிற்காவலர் தன் கையிலுள்ள பட்டியலைப் பார்த்துத்தான் ஆளை விடுவார். அந்தப் பட்டியலுக்குப் பெயர் பாலிசி. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்ட எஸ்இலினக்ஸ், 2003-இல் 2.6 கர்னலோடு சேர்ந்தது. 2004-இல் ஃபெடோரா கோர் 2 வந்தபோது பாலிசி கணினியிலுள்ள எல்லாவற்றையும் கட்டிப்போட முயன்றது. சோதித்துப் பார்த்த பயனர்கள் திணறியதால் அதை அணைத்த நிலையிலேயே வெளியிட்டார்கள். அடுத்த பதிப்பான கோர் 3-இல், வெளியுலகோடு பேசும் சில சேவைகளை மட்டும் கட்டும் 'டார்கெட்டட்' பாலிசி வந்தது, தொடக்கத்திலிருந்தே இயங்கவும் செய்தது. அணைக்கச் சொல்லும் அறிவுரை அந்த முதல் திணறலுக்குப் பொருந்தியது. பாலிசி அதே ஆண்டில் மாறிவிட்டது. அறிவுரைதான் இருபது ஆண்டுகளாகியும் மாறவில்லை. இந்தத் துறையில் ஆவணத்தைப் புதுப்பிப்பதும் ஒரு பாதுகாப்பு வேலை. ஓட்டையை அடைக்கும் பேட்ச் எவ்வளவு அவசரமோ, தவறான குறிப்பைத் திருத்துவதும் அவ்வளவு அவசரம்.

கேள்வி: கொஞ்சம் மிகையாக இல்லையா? பழைய குறிப்பு வேலை செய்யாவிட்டால் வேறொன்றைத் தேடிக்கொள்வோம். அதில் யாருக்கு நஷ்டம்?

பதில்: வேலை செய்யாத குறிப்பு தொல்லை தராது, பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். வேலை செய்ததுபோல் காட்டிக்கொள்ளும் குறிப்புதான் ஆளைக் கவிழ்க்கும். வெப் சர்வரின் கோப்புகளை வேறொரு டைரக்டரிக்கு மாற்றுகிறீர்கள், அனுமதி மறுக்கப்படுகிறது. பாலிசி ஒவ்வொரு கோப்பையும் அதன் லேபிளை வைத்தே அடையாளம் காண்கிறது. பழைய குறிப்பு 'சிஎச்கான் போட்டு லேபிளை மாற்று' என்கிறது. மாற்றினால் தளம் உடனே திறக்கிறது. ஆனால் அந்த லேபிள் கோப்பின்மீது மட்டும் ஒட்டியது. பாலிசியின் கோப்புப் பட்டியலுக்கு அது தெரியாது. பல மாதம் கழித்து யாரோ, பட்டியலின்படி லேபிளைத் திரும்ப ஒட்டும் ரெஸ்டோர்கான் கட்டளையை ஓட்டுகிறார், அல்லது கணினி முழுவதும் லேபிள் புதுப்பிக்கப்படுகிறது. தளம் விழுகிறது, காரணம் எவருக்கும் நினைவில்லை, பதற்றத்தில் ஒருவர், மறுப்புகளை மொத்தமாக நிறுத்தும் 'செட்என்ஃபோர்ஸ் 0' கட்டளையைத் தட்டுகிறார். செமேனேஜ் மூலம் பட்டியலில் எழுதிவிட்டு ரெஸ்டோர்கான் ஓட்டச் சொல்லியிருந்தால் இத்தனையும் நடந்திராது.

இதைவிட நுட்பமானது எஸ்இலினக்ஸின் கான்ஃபிக் கோப்பில் 'டிசேபிள்டு' என்று எழுதும் வழக்கம். முன்பெல்லாம் அப்படி எழுதி ரீபூட் செய்தால், கணினி எழுந்த பிறகு எஸ்இலினக்ஸ் தன்னைக் கர்னலிலிருந்து கழற்றிக்கொள்ளும். அப்படிக் கழற்றிக்கொள்ள வேண்டுமானால், பாதுகாப்புச் சோதனைகளைச் சுட்டும் அட்டவணையைக் கணினி ஓடும்போதும் மாற்றக்கூடிய நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். தாக்குபவனுக்கு அதைவிட வசதியான இடம் ஏது? அதனால் 5.6 கர்னலில் இந்த வழி கைவிடப்படப் போவதாக எச்சரிக்கை வந்தது, 6.4-இல் நீக்கியே விட்டார்கள். அதற்கு முன்பே ஃபெடோரா 34-உம் ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-உம் அதற்கான ஆதரவை எடுத்துவிட்டன. இன்று அந்த வரியை எழுதினால் எஸ்இலினக்ஸ் உள்ளே இருக்கும், பாலிசி மட்டும் ஏறியிருக்காது. முழுக்க அணைக்க, பூட் வரியில் 'எஸ்இலினக்ஸ்=0' கொடுக்க வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டும் அணைந்ததாகவே தெரியும், ஆகவே பழைய குறிப்பைப் பின்பற்றியவருக்கு மாற்றமே புலப்படாது. எந்த வழியில் அணைத்தாலும், அந்தக் காலத்தில் உருவாகும் கோப்புகளுக்கு லேபிள் விழாது. திரும்ப இயக்கும்போது மொத்தமாக ஒட்ட வேண்டியிருக்கும். ஆகையால் நல்ல ஆவணம், சிக்கல் தரும் ஒரு சேவையை மட்டும், தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் 'பெர்மிசிவ்' நிலைக்கு மாற்றிவிட்டு மற்ற அனைத்தையும் காவலிலேயே விட்டுவைக்கச் சொல்லும்.

கேள்வி: ஆடிட்-டு-அலவ் இருக்கும்போது ஆவணம் எதற்கு? மறுப்புப் பதிவைக் கொடுத்தால் அதுவே விதி எழுதித் தருகிறதே!

பதில்: எழுதித் தருகிறது, உண்மைதான். ஆனால் மறுக்கப்பட்ட அணுகல் நியாயமானதா என்று அது கேட்பதில்லை. மறுப்பைத் தூண்டியது ஊடுருவியவனின் நிரலாக இருந்தால் அவனுக்கும் வழி திறந்து தரும். மறுப்புக்குப் பெரும்பாலும் எளிய காரணங்கள் உண்டு: கோப்பின் லேபிள் தவறு, பாலிசியில் ஓர் அனுமதியைத் திறக்கவும் மூடவும் உள்ள சுவிட்சான பூலியன் அணைந்திருக்கிறது, அல்லது சேவை வழக்கத்தில் இல்லாத போர்ட்டில் ஓடுகிறது. வெப் சர்வர் வேறொரு கணினியிலுள்ள டேட்டாபேஸோடு பேச வேண்டுமென்றால் அதற்கென்றே தனி பூலியன் இருக்கிறது. புதிய விதி தேவையே இல்லை. இவையெல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால்தான் பாலிசியைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி ஆடிட்-டு-அலவை முதலில் வைக்கும் பக்கங்களைத்தான் முதலில் திருத்த வேண்டும் என்பேன்.

கேள்வி: பாலிசி அடிக்கடி மாறுகிறது, எழுதுபவர்களோ சிலர். பாலிசியிலிருந்தே ஆவணத்தைத் தானாக உருவாக்கிக்கொண்டால் தீர்ந்ததே?

பதில்: பாதி தீரும், அந்தப் பாதி ஏற்கெனவே நடக்கிறது. 'செபாலிசி மேன்பேஜ்' என்ற கருவி ஒவ்வொரு சேவைக்கும் உரிய பூலியன்களையும் லேபிள்களையும் பாலிசியிலிருந்தே எடுத்து மேன் பக்கமாக்கித் தருகிறது. பெயர்களைப் பொறுத்தவரை இதைவிட நம்பகமானது இல்லை. ரெட் ஹேட் 6-இல் 'அலவ்' என்று தொடங்கிய எஃப்டிபி பூலியன்கள் 7-இல் அந்த முன்னொட்டை இழந்தன. கன்டெய்னர் கோப்புகளின் 'எஸ்விர்ட் சாண்ட்பாக்ஸ்' லேபிள் 'கன்டெய்னர் ஃபைல்' என்று பெயர் மாறியது. பழைய லேபிளை மாற்றுப்பெயராக விட்டுவைத்ததால் பழைய பக்கமும் ஓடுகிறது, அதனாலேயே அதைத் திருத்த எவருக்கும் தோன்றுவதில்லை. இத்தகைய வேலையைக் கருவியிடம் விட்டுவிடலாம். ஆனால் ஒரு பூலியனை எப்போது திறக்கலாம், திறந்தால் எதை இழக்கிறோம் என்பது பாலிசியில் எழுதியிருக்காது. 2019 பிப்ரவரியில் ரன்சி என்ற கன்டெய்னர் கருவியில் ஒரு குறைபாடு வெளிவந்தது. கன்டெய்னருக்குள் இருக்கும் தீய நிரல் வெளியேயுள்ள ரன்சி பைனரியையே மாற்றி எழுத முடிந்தது. எஸ்இலினக்ஸ், பாலிசியை மீறுவதைத் தடுக்கும் என்ஃபோர்சிங் நிலையில் இருந்த ரெட் ஹேட் கணினிகளில் அந்த முயற்சி தடுக்கப்பட்டது. 'கன்டெய்னர் ஓடவில்லையா, எஸ்இலினக்ஸை அணை' என்ற ஒற்றை வரியை நம்பியவர்கள் அந்தக் காப்பை முன்கூட்டியே துறந்திருந்தார்கள். இந்தக் காரணத்தை மனிதர் எழுதினால்தான் உண்டு.

கேள்வி: அப்படியானால் பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

பதில்: கூடாது. பழைய பதிப்புகள் இன்னும் ஓடுகின்றன, அவற்றைக் காப்பவர்களுக்குப் பழைய குறிப்புதான் சரி. செமேனேஜ் கட்டளையைத் தரும் பேக்கேஜுக்கு ரெட் ஹேட் 7-இல் ஒரு பெயர், 8-இல் வேறு பெயர். ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட் 2025 பிப்ரவரி முதல் புதிய நிறுவல்களில் ஆப்பார்மர் என்ற மற்றொரு காப்புமுறையை விட்டு எஸ்இலினக்ஸுக்கு வந்துவிட்டது. முன்பே நிறுவியவர்களிடம் ஆப்பார்மரே தொடர்கிறது. ஒரே வெளியீட்டின் பெயரில் இரண்டு உலகங்கள்! பக்கத்தின் தலையிலேயே எந்தப் பதிப்புக்கு, எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று எழுதுவதும், மாறிய வரிக்குப் பக்கத்திலேயே புதிய வழியைச் சுட்டுவதும் போதும். 'எல்லா லினக்ஸுக்கும் பொருந்தும்' என்று தலைப்பிடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கேள்வி: சாதாரண மனிதர்களால் இதையெல்லாம் கட்டிக்காக்க முடியுமா? அணைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைக் குறை சொல்லலாமா?

பதில்: குறை சொல்லமாட்டேன், அவர்களுக்குக் கிடைத்த ஆவணம் அப்படி. ஆனால் முடியாது என்பதை ஏற்கமாட்டேன். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் எஸ்இலினக்ஸ் முழுமையாக என்ஃபோர்சிங் நிலையில்தான் ஓடுகிறது. அந்தப் போன்களை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் எஸ்இலினக்ஸ் என்ற பெயரைக்கூடக் கேட்டதில்லை. தயாரிப்பாளர் பாலிசியை எழுதிக் கொடுத்தார், பயனரை நச்சரிக்கவில்லை. சர்வரில் அந்த நிம்மதியை ஆவணம்தான் தர வேண்டும்.

கேள்வி: சரி, நான் ஒரு சர்வர் நிர்வாகி, நிரலாளர் அல்ல. என்னால் என்ன ஆகும்?

பதில்: உங்களால்தான் ஆகும். ரிச்சர்ட் ஹைன்ஸ் எழுதிய எஸ்இலினக்ஸ் நோட்புக் இப்போது திட்டத்தின் கிட்ஹப்பில் மார்க்டவுன் கோப்புகளாக இருக்கிறது. பிழை கண்டவர் எவரும் திருத்தம் அனுப்பலாம். அனுப்பும் முன் புதிதாக நிறுவிய ஒரு மெய்நிகர் கணினியில், என்ஃபோர்சிங் நிலையிலேயே, பக்கத்திலுள்ள கட்டளைகளை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். பிறகு ரெஸ்டோர்கான் ஓட்டி, ஒருமுறை ரீபூட் செய்து, சேவை இன்னும் எழுகிறதா என்று பாருங்கள். மறுப்பு வந்தால் ஆடிட் பதிவின் அந்த வரியையும், நிறுவியுள்ள பாலிசி பேக்கேஜின் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால், படிப்பவர் எங்கிருந்து தொடங்குவார்?