வாய்ப்பாட்டிலிருந்து வாய்ப்பாட்டுக்கு

எண் வரிசையை இசையாக்கும் ஆசை வந்துவிட்டதா? பயப்பட வேண்டாம். சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணக்கு தெரிந்திருந்தால் கொஞ்சம் இடைஞ்சல், அவ்வளவுதான். ஒரு கீபோர்டு, ஒரு கால்குலேட்டர், பொறுமைசாலியான பக்கத்து வீடு இருந்தால் போதும்.

முதல் முயற்சிக்கு 1, 2, 3, 4 வேண்டாம். ஒன்றுக்கு ஸ, இரண்டுக்கு ரி என்று வாசித்துக்கொண்டே போனால் சரளி வரிசைதான் வரும். அந்தப் பெருமையைப் புரந்தரதாசரிடமிருந்து பிடுங்குவது கடினம்.

எல்லாரையும் போலப் பையில் ஆரம்பியுங்கள். 3.14159 என்றால் க ஸ ம ஸ ப, பிறகு ஒரு மேல் ரி. சுரம் ஏழு, இலக்கம் பத்து என்பதால் 8, 9 இரண்டும் மேல் ஸ்தாயிக்குப் போகின்றன. 0 வரும்போது மௌனம். ஆனால் பையில் முதல் 0 வருவதே 32-ஆவது தசம இடத்தில்தான். அதுவரை தம் கட்டத் தெரிய வேண்டும்.

இப்படி வாசித்தால் நன்றாக இருக்காது. அதற்குத்தான் மோகனம் இருக்கிறது. ஐந்து சுரம், இரண்டு ஸ்தாயி, மொத்தம் பத்து இடம். பத்து இலக்கமும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். மோகனத்தில் எதை வாசித்தாலும் இனிக்கும். என் வீட்டு மின்கட்டண எண்களைக்கூட வாசித்துப் பார்த்துவிட்டேன். ராகம் சுகமாக இருந்தது, தொகைதான் அபசுரம். ஆக, சுமப்பது மோகனம், பெயர் பைக்கு. இந்தத் தொழிலின் ரகசியம் இதுதான் என்பதால் கேட்பவர்களிடம் மறந்தும் சொல்லாதீர்கள். "பிரபஞ்சத்தின் நாதம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

மனசாட்சி உறுத்துகிறவர்கள் ஃபிபனாச்சிக்கு வரலாம். 0, 1, 1, 2, 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டைக் கூட்டிக்கொண்டே போகும் வரிசை. எண்கள் சீக்கிரமே கீபோர்டைத் தாண்டி ஓடிவிடும். ஒவ்வொன்றையும் 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி 0 என்றால் ஸ, 1 என்றால் ரி, இப்படியே 6 வரை. இப்போது பாடுங்கள்:

ஸ ரி ரி க ம த ரி நி
ஸ நி நி த ப க நி ரி

அதற்கப்புறம் மறுபடி முதலிலிருந்து. மீதிகள் சரியாக 16-க்கு ஒருமுறை திரும்பி வருகின்றன. அட்சரத்துக்கு ஒரு சுரம் வைத்தால் ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம், இரண்டுக்கும் எடுப்பு ஸ. இன்னும் உற்றுப் பார்த்தால், மேல் வரியில் ரி இருந்த இடத்தில் கீழே நி. க-வுக்கு த, ம-வுக்கு ப. மேலும் கீழும் கூட்டினால், ஸ தவிர எல்லா இடத்திலும் 7. இதில் நான் எதையும் ஜோடித்துச் சேர்க்கவில்லை, ஏழால் வகுத்ததைத் தவிர.

மேல்வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமியிடம் காட்டினேன். மாயாமாளவகௌளையில் ஒருமுறை பாடிப் பார்த்தார்.

"யார்டா போட்ட வரிசை?"

"ஃபிபனாச்சி, மாமி."

"வடக்கத்திக்காரரா?"

"இத்தாலி."

மாமி நம்பவில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஃபிபனாச்சி புத்தகம் எழுதியது 1202-இல். அதற்கு முன்பே, 12-ஆம் நூற்றாண்டில், குஜராத்தின் ஹேமச்சந்திரர் யாப்புக்காக இதே எண்களைக் கணக்கிட்டுவிட்டார். லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு. நாலு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? ஐந்து. ஐந்து மாத்திரையை? எட்டு. போகும்போது மாமி இன்னொன்றும் சொன்னார்: "நம்பர்ல பாட்டு என்னடா புதுசு? கடபயாதில மா அஞ்சு, யா ஒண்ணு. திருப்பிப் போடு, பதினஞ்சாவது மேளம்."

பகா எண்களை வேண்டாத விருந்தாளிகளுக்கு ஒதுக்கி வையுங்கள். 12 சுரஸ்தானத்துக்கும் 12-ஆல் வகுத்து மீதி எடுத்தால், 2, 3 கழிந்தபின் வருவது 1, 5, 7, 11 மட்டும்: சுத்த ரிஷபம், சுத்த மத்யமம், பஞ்சமம், காகலி நிஷாதம். எத்தனை கோடி எண் போனாலும் ஷட்ஜம் வராது. தம்புரா ஸ-வைக் கெஞ்சிக்கொண்டே இருக்கும். பாட்டு பக்கத்து வீடான நி வரை வந்துவிட்டுத் திரும்பிவிடும். விருந்தாளி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார்.

கச்சேரியே செய்யும் துணிவு வந்தபின் மாடுகளைப் பிடியுங்கள். 1356-இல் நாராயண பண்டிதர் 'கணித கௌமுதி'யில் ஒரு கணக்கு போட்டார். பசு ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும். அந்தக் கன்றும் நாலாம் ஆண்டிலிருந்து ஈனத் தொடங்கும். 20 ஆண்டில் மொத்தம் எத்தனை? முதல் ஆண்டில் 2, அடுத்து 3, 4, 6, 9, 13. இதை அமெரிக்க இசையமைப்பாளர் டாம் ஜான்சன் 1989-இல் 'நாராயணாஸ் கௌஸ்' என்ற பெயரில் அப்படியே இசையாக்கினார்: பசுவுக்கு நீள ஒலி, கன்றுக்குக் குறுகிய ஒலி. மோகனம் மாதிரி மறைவான உபகாரம் ஏதும் இல்லாமல், மந்தை பெருகுவது காதுக்கே தெரிகிறது. எனக்குத் தெரிந்து இந்த ஜாதியில் நேர்மையான வேலை இது.

நீங்களும் வாசிக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: 20-ஆம் ஆண்டில் மட்டும் 2745 உருப்படி. விநாடிக்கு ஒன்றாக ஓட்டினாலும் 45 நிமிடம் 45 விநாடி. நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கினாலே கேன்டீன் நிரம்பிவிடும். எனவே 19-ஆம் ஆண்டு முடிவதற்குள் அரங்கின் கதவைச் சாத்திவிடுங்கள். மாடுகளுக்காக அல்ல.