எந்தப் பல்கலைக்கழகம் உசத்தி?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பள்ளி முடிக்கும் பிள்ளையிடம், என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்பது வீண். அலபாமா பல்கலைக்கழகமா, ஆபர்ன் பல்கலைக்கழகமா? அதுதான் கேள்வி. அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அரங்கில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். நூலகத்தில் எத்தனை நாற்காலி என்று விசாரித்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆபர்ன் அணி ஜெயித்தால், டூமர்ஸ் கார்னர் என்ற தெருமுனையில் உள்ள ஓக் மரங்களில் கழிவறைக் காகிதத்தை வீசித் தொங்கவிடுவது மரபு. 2010இல் ஆபர்ன் ஜெயித்த வயிற்றெரிச்சலில் அலபாமா ரசிகர் ஒருவர் அம்மரங்களுக்கு விஷமே வைத்தார். சும்மா இருந்தாரா? வானொலி நிகழ்ச்சிக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டார். பிறகு கம்பி எண்ணினார். 2013இல் மரங்களும் போய்ச் சேர்ந்தன.

இரண்டு இடத்திலும் பொறியியலும் சொல்லித்தருகிறார்கள். சேர்ந்த பிறகாவது அதையும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.