முட்டுக் கொடுத்த கதை

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி கோலார் தங்கவயலுக்கு வந்தபோது, பாறைக்கும் கோபம் வரும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தங்கத்தின் விலையைக் கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆள் சேர்த்து, சுரங்கத்தில் இறங்கினார்கள். அதாவது, துரைமார் கணக்கு எழுதினார்கள். இறங்கியது பெரும்பாலும் நம்மவர்கள்.

ஆழம் போகப் போகப் பாறை வெடித்தது. மருந்து வைக்காத இடத்தில், தானாகவே. துரைமார் அதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர் சூட்டிப் பழியைக் காற்றின் தலையில் போட்டார்கள். காற்று வழக்குப் போடாது பாருங்கள்.

சங்கதி இதுதான். 3 கிலோமீட்டர் ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் பாரம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 800 கிலோ. தாதுவைத் தோண்டி எடுத்துவிட்டால் அந்தப் பாரம், தோண்டாமல் விட்ட தூணின் தலையில் போய் உட்காரும். கோலார் பாறை கெட்டி; வளைந்து கொடுக்காது. வாங்கிய அழுத்தத்தையெல்லாம் உள்ளே சேர்த்து வைத்து, ஒரு நாள் மொத்தமாகத் திருப்பித் தரும், பல வருடம் வாய் திறக்காத மருமகள் மாதிரி. கீழே அது வெடித்தால் சாம்பியன் ரீஃப் சுரங்கப் பக்கத்து வீடுகளில் பாத்திரம் ஆடுமே தவிர, கம்பெனிக் கணக்கு ஆடாது.

முதலில் மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள். மரம் நசுங்கும், ஆனால் நசுங்குமுன் முனகும், கீழே நிற்பவன் ஓட நேரம் தரும். இந்த மரியாதை கம்பெனிக்குப் போதவில்லை. மரம் மக்கும், தீப்பிடிக்கும், கூரையும் இறங்கும். ஆகவே கருங்கல்லைச் செதுக்கி இறக்கி அடுக்கினார்கள். கோலார் மாவட்டத்தில் கருங்கல்லுக்கா பஞ்சம்! மேலே வெட்டிய கல் கீழே போயிற்று, கீழே வெட்டிய கல் மேலே வந்தது. இடையில் தங்கம் மட்டும் லண்டன் போயிற்று. அப்புறம் கான்கிரீட்.

கருங்கல் மரத்தைவிடப் பாரம் தாங்கும், கூரை இறங்குவதையும் குறைக்கும். ஆனால் தாங்கும் பலம் வேறு, அடியை வாங்கி ஜீரணிக்கும் குணம் வேறு. திடீர் அடிக்கு முன்னால் விறைப்பாக நிற்பவன்தான் முதலில் நொறுங்குவான். பின்னாளில் ஆழ்சுரங்கப் பொறியாளர்கள் அழுத்தம் வந்தால் வழுக்கி இடம் கொடுக்கும் இரும்பு வளைவுகளைச் செய்தார்கள். அதாவது, மரத்தின் சுபாவத்தை இரும்புக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மரத்துக்கு யாரும் காப்புரிமை கொடுக்கவில்லை.

ஆராய்ச்சிக்கென்று தனி நிறுவனம் வந்தது 1988இல். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் சாம்பியன் ரீஃபிலேயே தொடங்கியது. பாறை வெடிக்க ஆரம்பித்து ஏறக்குறைய 90 வருடம் ஆனபிறகு! 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். காலியான குழிகளில் தண்ணீர் ஏறியது. அப்போதும் நிலம் அதிர்ந்து கருவிகளில் பதிவானது. சம்பளம் நின்றது ஆட்களுக்கு மட்டும்தான். பாறை ஷிஃப்ட்டைத் தொடர்ந்தது.